கடதாசியின் வெள்ளையை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் நடக்கும் சித்திரப் போட்டிகளில் ஒரு விதி வேரூன்றிப் போயிருக்கிறது. "கடதாசியில் வெள்ளை தெரியக்கூடாது, முழுவதையும் நிறந்தீட்டி முடிக்க வேண்டும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. வெள்ளை விட்ட படம் முடிக்கப்படாத படம் என்று புள்ளி குறைக்கப்படுகிறது. பஸ்டலுக்கும் போஸ்டர் வர்ணத்துக்கும் இது பொருந்தலாம். நீர்வர்ணத்துக்கு இதைவிடப் பிழையான விதி கிடையாது. நீர்வர்ணக்காரருக்குக் கடதாசிதான் வெள்ளை. மெல்லிய நிறப்படலத்தை ஒளி ஊடுருவிப் போய், அடியிலுள்ள கடதாசியில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த நிறம் உயிரோடு தெரிகிறது. அதை மூடிவிட்டால் மேலே எத்தனை வெள்ளை வர்ணம் பூசினாலும் அந்த ஒளி திரும்பி வராது.

யாழ்ப்பாணத்தை வரைய வருகிறவருக்கு இது மேலும் முக்கியம். நீரேரியில் வெயில் பட்டு மினுங்கும் கீற்று, ஆனையிறவின் உப்பு, மணற்காட்டு மணல், வரம்போரத்துத் தும்பைப்பூ, சேற்றில் நிற்கும் கொக்கு என்று எங்கள் நிலத்தில் வெள்ளை நிறைய இருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது சரியாக வரைய வேண்டுமென்றால் எதை வரையாமல் விடுவது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

இந்த விதியோடு கூடவே வருவது மலை. குடாநாட்டில் மலை இல்லை. இருந்தும் "இயற்கைக் காட்சி" என்று தலைப்புக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், அடியில் ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை என்று ஒரே படம் நூறு கடதாசிகளில் வருகிறது. வல்லை வெளியையோ அராலிப் பக்கத்துத் தரவை என்னும் வெட்டைப் புல்வெளியையோ தினமும் கடந்து பாடசாலை போகிற பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. தட்டையான நிலத்தை வரைவது கடினம் என்பது உண்மை. கண்ணைப் பிடித்து நிறுத்த அங்கே பெரிய உருவம் எதுவும் இல்லை, வானமே படத்தைச் சுமக்க வேண்டும். ஆகவே தொடுவானைக் கடதாசியின் நடுவில் போடாமல், அடியிலிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் அல்லது அதற்கும் கீழே போட வேண்டும். நடுவில் போட்டால் வானமும் தரையும் சரிபாதியாகி, படம் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

இனிக் கடதாசி. அதிகமான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன, அவற்றுக்கான பழி பிள்ளையின் கைமேல் விழுகிறது. போட்டிகளில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் 80 கிராம் போட்டோக்கொப்பிக் கடதாசி, அல்லது சித்திரக் கொப்பியின் மெல்லிய தாள். கிராம் என்பது ஒரு சதுர மீற்றர் கடதாசியின் நிறை. மெல்லிய கடதாசியில் தண்ணீர் பட்டதும் நார்கள் விரிந்து தாள் அலையலையாக எழும்பும். பள்ளத்தில் நிறம் தேங்கும், மேடு வெளிறும். அதைச் சரிக்கட்டப் பிள்ளை மறுபடி தேய்க்கும்போது மேற்பரப்பு உரிந்து திரிதிரியாக வரும். 300 கிராம் கடதாசியானால் ஏ4 அளவுக்கு நான்கு பக்கமும் கிளிப் போட்டாலே போதும். 200 கிராம் கடதாசியை முதலில் இழுத்துக் கட்ட வேண்டும். ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒட்டுப்பலகையில் விரித்து, ஓரங்களை இரண்டு அங்குல இடைவெளியில் ஸ்ரேப்பிள் பண்ணி, பலகையைக் கிடையாக வைத்துக் காயவிடுங்கள். காயும்போது தாள் தானாகவே மேளத்தோல்போல இறுகும். மாஸ்கிங் ரேப் ஈரக் கடதாசியில் பிடிக்காது. அதை நம்பி இழுத்துக் கட்டினால் பாதி வழியில் கழன்றுவிடும்.

நல்ல நீர்வர்ணக் கடதாசியின் மேல் ஒரு பசைப்பூச்சு உண்டு. நிறத்தை உடனே உறிஞ்சாமல் கொஞ்சநேரம் மேலே நிறுத்திவைப்பது அதுதான். கடலோர ஈரக்காற்றில் திறந்தபடி கிடந்தால் அந்தப் பசை கெட்டுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பூசிய பிறகுதான் அம்மைத் தழும்புபோலக் கருமைப் புள்ளிகள் எழும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு கொஞ்சநேரம் குமிழாக நின்று மெல்ல இறங்கினால் கடதாசி நல்லது, விழுந்ததும் மறைந்து ஈரப்பொட்டாகத் தெரிந்தால் அதைப் பென்சில் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். வாங்கிய கடதாசியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை ஒட்டி, மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டையும் உள்ளே வைத்து, சுவரில் சாய்க்காமல் அலுமாரியில் தட்டையாக வையுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சித்திர வகுப்புகளில் பேச்சே எழுவதில்லை. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டப்பட்டவை. தண்ணீர் வன்மையானது, கரையோரங்களில் உவரும் சேரும். வன்னீரில் அல்ட்ராமரின் நீலம் போன்ற மணித்தன்மையுள்ள வர்ணங்கள் திரண்டு திட்டுத்திட்டாகப் படியலாம். உப்பு சேர்ந்த தண்ணீரோ காயும்போது நிறத்தை இழுத்துச் சிறு நட்சத்திரம் போன்ற கறைகளை விடும். மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைநீரைத் துணியால் வடித்து ஒரு போத்தலில் வைத்துக்கொண்டால் செலவில்லாமல் இது தீர்ந்துவிடும். வரையும்போது இரண்டு பேணிகள் வேண்டும், ஒன்று தூரிகை கழுவ, மற்றது நிறம் குழைக்க. ஒரே பேணியில் இரண்டையும் செய்வதால்தான் மாலை வானம் சேற்று நிறமாகிறது.

வர்ணம் ஏழு போதும். எலுமிச்சை மஞ்சள், மஞ்சட்காவி, சிவப்பு, ரோஸ், அல்ட்ராமரின் நீலம், பச்சைச் சாயலுள்ள தேலோ நீலம், செம்மண்ணிறமான பேர்ண்ட் சியன்னா. பெட்டியில் வரும் கறுப்பையும் ஆயத்தப் பச்சையையும் எடுத்து வைத்துவிடுங்கள். அல்ட்ராமரினும் பேர்ண்ட் சியன்னாவும் சேர்ந்தால், எது கூட என்பதைப் பொறுத்து, குளிர்ந்த சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை எல்லாம் கிடைக்கும். அல்ட்ராமரினும் மஞ்சட்காவியும் பனையோலையின் மங்கிய பச்சையைத் தரும். எலுமிச்சை மஞ்சளில் குண்டூசித் தலையளவு தேலோ நீலம் விட்டால் இளம் நெற்பயிரின் பச்சை வரும். தேலோ நீலத்தை எப்போதும் மஞ்சளுக்குள்தான் விட வேண்டும். மாற்றிச் செய்தால் மஞ்சள் குழாய் முழுவதும் முடியும், பச்சை வராது. ரோஸ் வாங்கும்போது அலிசரின் கிறிம்சனைத் தவிர்த்து, குவினாக்ரிடோன் ரோஸ் என்று எழுதியிருப்பதை எடுங்கள். முன்னையது வெளிச்சத்தில் சில வருடங்களிலேயே வெளிறிவிடும்.

வானத்துக்கு வருவோம். ஏ3 கடதாசிக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவு நிறக்கரைசலைக் கடதாசியைத் தொடுவதற்கு முன்னரே குழைத்து வைக்க வேண்டும். நடுவில் தீர்ந்து, மறுபடி குழைக்கப் போனால் அந்த இடத்தில் ஒரு கோடு காய்ந்து நிற்கும், பிறகு அதை அழிக்கவே முடியாது. பலகையின் தலைப்பக்கத்தின் கீழ் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்து, ஓரங்குலத் தட்டைத் தூரிகையால் மேலிருந்து கிடைக்கோடாக இழுங்கள். கோட்டின் அடியில் ஒரு நீர்மணி தொங்கும். அடுத்த கோடு அந்த மணியைத் தொட்டு அதைக் கீழே இழுத்துவர வேண்டும். கீழே வரவரத் தண்ணீரைக் கூட்டி நிறத்தைக் குறையுங்கள், ஏனென்றால் உச்சி வானம் அடர்ந்தும் தொடுவானருகே வெளிறியும் இருக்கும். கடைசிக் கோட்டில் மஞ்சட்காவி ஒரு துளி. முகில் வேண்டிய இடத்தில் கடதாசியை உலர்ந்தபடியே விட்டுவிடலாம். அல்லது ஈரமாயிருக்கும்போதே கசக்கிய ரிஷூவால் ஒற்றி எடுக்கலாம்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கெடுவது இங்கேதான். ஈரப் பூச்சு மினுக்கம் இழந்து மங்கும் தருணத்தில் தண்ணீர் நிறைந்த தூரிகையால் தொட்டால், புதிய தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோவா போன்ற ஓரமுள்ள கறையை உண்டாக்கும். மினுக்கம் இருக்கும்போது சேர்க்கலாம், முற்றாகக் காய்ந்த பின்னும் சேர்க்கலாம், இடையில் தொடக்கூடாது. காய்ந்ததா என்று பார்க்க விரலின் பின்புறத்தைக் கடதாசிக்கு அருகே கொண்டுபோங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. சோளகம் வீசும் ஆடியில் ஒரு பூச்சு ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், தூரிகை பக்கத்தைக் கடக்குமுன்னரே ஓரம் இறுகும். அப்போது கடதாசியின் பின்புறத்தையும் நனைத்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை மாரியில் அதே பூச்சுக் கால்மணி நேரத்துக்கு மேலும் ஈரமாகக் கிடக்கும். ஒரே பாடத்தை இரண்டு பருவத்துக்கும் ஒரே விதமாகச் சொல்லிக்கொடுத்தால் பலிக்காது.

வெளியில் இருந்து வரைகிறவர்கள் கடதாசியை நிழலில் வைத்திருங்கள். நேர்வெயிலில் நிறம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும். அதை நம்பி அடர்த்தியாகப் பூசிய படம் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இருண்டு போயிருக்கும். ஆனாலும் நீர்வர்ணம் காயும்போது வெளிறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் பூசிக் காயவிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

பனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் பனை என்று வரைவதில் பாதி தென்னை. தென்னோலை இறகுபோல நீண்டு தொங்கும், மரம் வளையும். பனையோலை விசிறி. அந்த விசிறிகள் எல்லாப் பக்கமும் நீட்டி நிற்பதால் தலை ஏறக்குறைய உருண்டையாகத் தெரியும். அந்த உருண்டைக்குள் வானம் தெரியும் ஓட்டைகளை விடாவிட்டால் அது தடியில் குத்திய பந்தாகிவிடும். காவோலை சாம்பல் கலந்த மண்ணிறத்தில் கீழே தொங்கும், குருத்து நேரே மேலே நிற்கும். மரத்தை மண்ணிறத்தில் பூசாதீர்கள், அது கருஞ்சாம்பல். தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, சொரசொரப்பான கடதாசியில் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே கொண்டுவந்தால், நிறம் பிடிக்காத சிறு வெள்ளைகள் தாமாகவே மரத்தின் வெயில் பக்கத்தைக் காட்டும். தூரத்துப் பனைகளுக்கு அதிகத் தண்ணீரும் கொஞ்சம் நீலமும் வேண்டும், ஓலையைத் தனித்தனியே காட்டத் தேவையில்லை.

காட்டுப்பூக்களைப் படத்துக்குத் தகுதியற்ற களை என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். ஜேர்மனிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1503இல் புல்லும் பூண்டும் முளைத்த ஒரு மண்திட்டை நீர்வர்ணத்தில் வரைந்தார். வியன்னாவில் இருக்கும் அந்தப் படத்தை உலகம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலியோரத்து நாயுண்ணியும் எருக்கலையும் அதற்குக் குறைந்தவையல்ல.

பூவை முதலில் வரையுங்கள், இலை காத்திருக்கும். அடம்பன் பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். பூவரசம்பூ விரியும்போது மஞ்சள், வாடவாடச் செம்மைக்கு மாறும். இரண்டையும் ஒரே கொப்பில் காட்டினால்தான் அது பூவரசு. தும்பை போன்ற வெள்ளைப் பூவுக்கு இதழைப் பூசாமல் பின்னாலுள்ள பச்சையைப் பூச வேண்டும். இதழின் நிழலுக்கு நீலமும் ரோஸும் ஒரு பொட்டு மஞ்சளும் கலந்த மிக நீர்த்த சாம்பல் போதும். ஆவாரம்பூவின் நிழலுக்கு மஞ்சளோடு கறுப்பைக் கலக்காதீர்கள், அது பச்சையாகிவிடும். மஞ்சட்காவியில் ரோஸ் ஒரு துளி விடுங்கள்.

கார்த்திகைப்பூவுக்கு ஆறு இதழ்கள், எண்ணி வரையுங்கள். ஐந்து போட்ட படங்களைப் பரிசு மேடையில்கூடக் காணலாம். பூ தலைகீழாகத் தொங்க, இதழ்கள் பின்னோக்கி மேலே வளைந்து நிற்கும், ஓரம் நெளியும். ஒவ்வோர் இதழையும் முழுவதும் மஞ்சளால் பூசி, மினுக்கம் இருக்கும்போதே நுனியிலிருந்து சிவப்பை விட்டுவிடுங்கள். அது தானாக இறங்கிக் கலக்கும், தூரிகையால் தேய்த்துக் கலக்க வேண்டாம். பக்கத்து இதழ் காயும்வரை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூசினால் நிறம் தாண்டி ஓடாது. மகரந்தத் தாள்கள் ஆறும் சக்கரத்தின் ஆரைகள்போல வெளியே விரிந்திருக்கும். சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி நீளும். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும். அந்தச் சுருளை விட்டால் கொடி எதைப் பிடித்து ஏறுகிறது என்பது படத்தில் தெரியாது. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு மிகக் கொடியது. பிடுங்காமல் நின்ற இடத்திலேயே வரைந்து, தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

பறவைகளை நீர்வர்ணத்தில் வரையும் வேலை இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த ஜோன் கிடியொன் லோட்டன், பீற்றர் கோர்னேலிஸ் டி பெவரே என்ற ஓவியரைக் கொண்டு இங்குள்ள பறவைகளை வரைவித்தார். நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு இன்றும் லோட்டனின் பெயர் நிலைத்திருக்கிறது. அதன் ஆண் பறவை கறுப்பாகத் தெரிந்தாலும் கறுப்பல்ல. வெயிலில் ஊதாவும் பச்சையும் மினுங்கும். முதலில் மிக நீர்த்த ஊதாவைப் பூசிக் காயவிட்டு, மினுக்கம் உள்ள இடங்களைத் தவிர்த்து அல்ட்ராமரின், பேர்ண்ட் சியன்னாக் கலவையை மேலே போட வேண்டும்.

எந்தப் பறவையானாலும் உடலுக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு வட்டம், அலகிலிருந்து வால்வரை சாய்வைக் காட்டும் ஒரு கோடு. இந்த மூன்றும் சரியாக அமையுமுன் ஓர் இறகும் வரையக்கூடாது. அலகு தலையைப்போல எத்தனை மடங்கு என்று பென்சிலால் அளந்துகொள்ளுங்கள். எச்பி பென்சிலை அழுத்தாமல் பிடியுங்கள். அழுத்திய கோடு கடதாசியில் பள்ளமாகி, நிறம் அதில் தேங்கும். கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டை விட வேண்டும். மூடிவிட்டால், முற்றாகக் காய்ந்தபின் பிளேட்டின் நுனியால் ஒரு தடவை சுரண்டி எடுக்கலாம்.

கொக்குத்தான் இந்தக் கடிதத்தின் பறவை. பண்ணைப் பாலத்தடியில் நிற்கும் சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், கழுத்துக் குட்டை. இவற்றைக் கலந்து ஒரு பறவையாக்கிவிடுகிறார்கள். உடலின் மேற்புறத்தைத் தொடாதீர்கள். பின்னாலுள்ள சேற்றையும் தண்ணீரையும் பூசிக்கொண்டு வந்தால் கொக்கு தானாக வெளியே வரும். நிழல் பக்கத்தில் மெல்லிய நீலச் சாம்பல், அடிவயிற்றில் சேற்றிலிருந்து திரும்பும் ஒளிக்கு மஞ்சட்காவி சிறிது. முதுகு வெளிச்ச வானத்தோடு சேருமிடத்தில் ஓரத்தைக் கோடிட்டு மூடாமல் திறந்தே விடுங்கள், பார்ப்பவரின் கண் அதைப் பூர்த்தி செய்யும்.

பூநாரையை உடல் முழுவதும் ரோஸ் நிறத்தில் பூசுவது அடுத்த பெரிய பிழை. இங்கு வரும் பெரும் பூநாரையின் உடல் பெரும்பாலும் வெள்ளை, ரோஸ் சாயல் மிக மெல்லியது. செம்மை சிறகின் மேற்பகுதியில்தான் அடர்ந்திருக்கும், பறக்கும்போது தெரியும் சிறகோரம் கறுப்பு, அலகின் நுனியும் கறுப்பு. அந்தச் செம்மை அது உண்ணும் நுண்பாசியிலும் சிற்றிறால்களிலும் இருந்து வருவது. அதனால் இளம் பறவைகள் சாம்பல், மண்ணிறமாக இருக்கும். கூட்டத்தை வரையும்போது இரண்டொன்றை அப்படிக் காட்டினால் படம் உண்மையாகும். காலின் நடுவில் பின்னோக்கி மடங்குவதை முழங்கால் என்று எண்ணி முன்னோக்கி மடக்கி வரைகிறார்கள். அது கணுக்கால். முழங்கால் மேலே, இறகுக்குள் மறைந்திருக்கிறது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவானது. அங்கு வரையப் போகிறவர்கள் தொலைநோக்கி கொண்டுபோக வேண்டும். கிட்டப் போய் எழுப்பிவிட்டால் படமும் இல்லை, பறவைக்கு இரையும் இல்லை.

மிகச் சிறிய வெள்ளைகளுக்கு மறைப்புத் திரவம் கிடைத்தால் பாவிக்கலாம். அது பூசிய இடத்தில் நிறம் பிடிக்காமல் காத்து, பிறகு உரித்தெடுக்கும் இறப்பர் பால். தூரிகையை முதலில் சவர்க்காரத்தில் தோய்க்காவிட்டால் மயிர் ஒட்டிப்போகும். பூசிய படத்தை வெயிலில் வைத்தால் அது கடதாசியோடு பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கிழிக்கும். அன்றே உரித்துவிட வேண்டும். கடைசியில் ஒரு பொட்டு அடர்வெள்ளை வைப்பது குற்றமல்ல, டியூரரும் பாவித்திருக்கிறார். முழுப்படத்தையும் அதனோடு குழைத்து மூடுவதே கேடு.

போட்டி நடத்துவோரிடம் வேண்டுவது இவைதான். நீர்வர்ணப் பிரிவுக்குக் குறைந்தது 200 கிராம் கடதாசி கொடுங்கள். ஏ3 கட்டுப்படியாகாவிட்டால் அளவைப் பாதியாக்குங்கள், தடிப்பைக் குறைக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மூன்று பூச்சுகள் காயாது, இரண்டரை மணி நேரம் விடுங்கள். மாரியில் நடத்துவதைத் தவிருங்கள். "இயற்கைக் காட்சி" என்பதற்குப் பதிலாக "எங்கள் ஊர்த் தரவை", "வேலியோரப் பூ", "நீரேரிப் பறவை" என்று தலைப்பிடுங்கள். நடுவர்களுக்குக் கொடுக்கும் புள்ளித் தாளில் "விடப்பட்ட வெள்ளை" என்று ஒரு வரியைச் சேர்த்து அதற்கும் புள்ளி வையுங்கள். பரிசு பெற்ற படங்களை லமினேற் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. மட்டைச் சட்டம் வைத்து, கண்ணாடி படத்தில் முட்டாமல், நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

தங்களிடமும் ஒன்று. சிறுவர் பகுதிக்கு வரும் படங்களைக் கைத்தொலைபேசியில் மின்விளக்கின் கீழ் எடுத்து அனுப்புவதால் வெள்ளை மஞ்சளாகவும் ஓரம் இருண்டும் அச்சாகிறது. காலை ஒன்பது மணியளவில் யன்னலோர நிழலில் படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, பிளாஷ் இல்லாமல், நாற்புற ஓரமும் தெரிய எடுத்து அனுப்பும்படி அறிவித்தலில் சேர்த்துவிடுங்கள். அதே அறிவித்தலில் "வெள்ளை விடலாம்" என்று ஒரு சொல்லும் போட்டால், பிள்ளைகள் அதைத் தங்கள் ஆசிரியர்களிடம் காட்டிக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
சித்திரம் கற்பிக்கும் வாசகர்,
யாழ்ப்பாணம்.